வெள்ளைப் பாலுக்குள் ஒரு துகள் – நியூட்ரான் அளக்கும் விதம்



மூணாம் வருஷம் ப்ராஜெக்ட் என்றால் என்ன பாடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் டீமில் நாலு பேர். எடுத்த தலைப்பு பாலிவினைல் அசிடேட் எமல்ஷன். பயந்து விடாதீர்கள், ஆசாரி மரம் ஒட்டுகிறாரே அந்த வெள்ளைப் பசைதான். என் மாமா வீட்டில் தறி ஓடுகிறது. தெருவில் பாவை நீட்டிக் கட்டி அரிசிக் கஞ்சி போடுவதைப் பார்த்துத்தான் எங்களுக்கு யோசனை வந்தது. கஞ்சிக்குப் பதிலாக இந்தப் பசையை மெல்லிசாகத் தண்ணீர் விட்டுப் போட்டால் இழை தாங்குமா என்று பார்க்கலாமே!

முதல் பேட்ச் பிரமாதம். மூணு கழுத்துக் குடுவையைக் கவிழ்த்தால் பசும்பால் மாதிரி இறங்கியது. மாமா விரலால் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்து, "நல்லாத்தான்டா இருக்கு" என்றார். மூணாம் நாள் காலையில் பாட்டிலைத் திறந்தால் மேலே தண்ணி, கீழே கட்டி. திரிஞ்ச பால்தான். மாமா ஒன்றும் பேசவில்லை, கஞ்சிப் பானையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாவது பேட்ச்சும் போட்டோம். அது திரிவதற்கு முன்னாலேயே எங்கள் கைடு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "துகள் என்ன சைஸ்?" பதில் இல்லை. ஒரு சொட்டை எடுத்துக்கொண்டு வெளியே ஒரு லேப்புக்குப் போய் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படம் வாங்கி வந்தோம். பெரிய பெரிய திட்டுக்கள் தெரிந்தன. ஸ்கேல் வைத்து அளந்து 'சுமார் 2 மைக்ரான்' என்று ரெக்கார்டில் எழுதினோம். கைடு சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டார்.

தப்பு படத்தில் இல்லை, எங்களிடம்தான். அந்த மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டுமானால் சொட்டைக் காய வைக்க வேண்டும். பாலிவினைல் அசிடேட் துகள்கள் மெத்தென்று இருப்பவை. தண்ணீர் வற்றினால் ஒன்றோடொன்று ஒட்டி உருகிப் படலமாகிவிடும். மரம் ஒட்டுவதே அப்படித்தானே! நாங்கள் அளந்தது காய்ந்த பசையின் திட்டை. தண்ணீருக்குள் துகள் எப்படி இருந்தது, எவ்வளவு பெரிசு, பக்கத்துத் துகளிடமிருந்து எவ்வளவு தள்ளி நின்றது என்று எதுவும் அந்தப் படத்தில் கிடையாது. பால் ஏன் திரிந்தது என்ற கேள்விக்குப் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

சரி, நனைந்த நிலையிலேயே எப்படி அளப்பது? அந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு போனதில் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வெளிச்சம். லேசரை விட்டுச் சிதறலைப் பார்க்கும் கருவிகள் இருக்கின்றன. அவை மோசமில்லை. ஆனால் நம் சரக்கு பால் மாதிரி வெள்ளை. வெள்ளையாக இருப்பதற்குக் காரணமே, உள்ளே நுழைந்த வெளிச்சம் துகளுக்குத் துகள் மோதிப் பலமுறை சிதறி, வந்த வழி தெரியாமல் வெளியேறுவதுதான். அதனால் பெரும்பாலும் சொட்டுச் சரக்கை ஏகப்பட்ட தண்ணீரில் கரைத்துத்தான் லேசரில் வைப்பார்கள். கூட்டத்தில் ஒருவன் எப்படி நிற்கிறான் என்று பார்க்க ஆசைப்பட்டு, அவனைத் தனியாக மைதானத்தில் நிறுத்திப் பார்த்த கதை. எக்ஸ்ரே உள்ளே போகும். ஆனால் எக்ஸ்ரே பார்ப்பது எலக்ட்ரான்களை. பிளாஸ்டிக்குக்கும் தண்ணீருக்கும் எலக்ட்ரான் அடர்த்தியில் பெரிய வித்தியாசம் கிடையாது.

நியூட்ரான் விஷயம் வேறு. அதற்கு மின்சுமை இல்லை. எலக்ட்ரான் மேகத்தை மதிக்காமல் நேரே அணுக்கருவிடம் போய் மோதும். மெதுவாக்கிய நியூட்ரானுக்கு அலைநீளமும் உண்டு (டி பிராய் சொன்னது பாடத்தில் இருக்கிறது). 0.52 நானோமீட்டர் அலைநீளமுள்ள நியூட்ரான் விநாடிக்குச் சுமார் 760 மீட்டர் ஓடும். காஞ்சியிலிருந்து சென்னைக்கு நூறு விநாடி! நியூட்ரான் உலகத்தில் இது நடை வேகம்.

இப்போது முக்கியமான விஷயம். சாதா ஹைட்ரஜனும் டியூட்டீரியமும் ரசாயனத்தில் அண்ணன் தம்பி. பிளாஸ்கில் போட்டால் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நடந்துகொள்ளும். ஆனால் நியூட்ரானுக்கு இரண்டும் சுத்தமாக வேறு. சிதறல் நீளம் என்று ஒரு அளவு இருக்கிறது. டியூட்டீரியத்துக்கு அது கூட்டல் 6.67 ஃபெம்டோமீட்டர், ஹைட்ரஜனுக்கு கழித்தல் 3.74. ஆமாம், கழித்தல்தான், அச்சுப் பிழை இல்லை. ஹைட்ரஜனில் மோதித் திரும்பும் அலை, டியூட்டீரியத்தில் மோதித் திரும்பும் அலைக்குத் தலைகீழாக இருக்கிறது.

ஒரு பொருளின் ஒரு கன சென்டிமீட்டருக்குள் இருக்கும் அத்தனை அணுக்களுடைய சிதறல் நீளத்தையும் கூட்டினால் வருவது சிதறல் அடர்த்தி. அதைத்தான் அந்தப் பொருளின் 'நியூட்ரான் நிறம்' என்று நான் மனசுக்குள் வைத்துக்கொண்டேன். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10-இன் 10-ஆம் அடுக்கு என்ற அலகில் சொன்னால், சாதாத் தண்ணீர் கழித்தல் 0.56, கனநீர் 6.4, பாலிஸ்டைரீன் 1.4, அக்ரிலிக் என்று நாம் சொல்லும் பாலிமெத்தில் மெதாக்ரிலேட் 1.06.

இதை எங்கள் வகுப்பில் விளக்கப் போய், பாதி பேர் தூங்கிவிட்டார்கள். அப்புறம் மாமா வீட்டுத் தறியைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்தார்கள். நீங்களும் பாருங்கள்.

காஞ்சிபுரம் கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூணு நாடா ஓட்டி, இரண்டையும் பல் பல்லாகக் கோத்து நெய்வார்கள். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை என்றால் எது எங்கே முடிகிறது என்று பத்தடி தள்ளி நின்றே சொல்லலாம். கரையில் ஜரிகை புட்டாவும் இருக்கிறது என்று வையுங்கள். இப்போது உடலின் நிறத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே வந்து, கரையின் பச்சைக்கே கொண்டுவந்து விட்டால்? கரை மறைந்துவிடும். கரை அங்கேதான் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது. ஜரிகை மட்டும் தனியே மின்னும்.

தண்ணீர்தான் உடல். துகள்தான் கரை. சாதாத் தண்ணீரில் கனநீரைக் கலந்துகொண்டே போனால் திரவத்தின் நியூட்ரான் நிறம் கழித்தல் 0.56-இலிருந்து 6.4 வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கும். பாலிஸ்டைரீனின் 1.4-ஐத் தொட எவ்வளவு கனநீர் வேண்டும்? 1.4-உம் 0.56-உம் கூட்டி 6.96-ஆல் வகுங்கள். சுமார் 28 சதவீதம். அந்தக் கலவையில் பாலிஸ்டைரீன் லேடெக்ஸை வைத்தால் உங்கள் கண்ணுக்கு அது அதே வெள்ளைப் பால். நியூட்ரானுக்கோ துகளே கிடையாது! சிதறலின் பலம் இரண்டு நிறங்களின் வித்தியாசத்துடைய வர்க்கத்தைப் பொறுத்தது. வித்தியாசம் பூஜ்யம் என்றால் சிதறலும் பூஜ்யம். அக்ரிலிக் துகளுக்கு இந்தக் கணக்கில் 23 சதவீதம் வரும், போட்டுப் பாருங்கள்.

துகளை மறைத்து என்ன லாபம் என்று கேட்பீர்கள். ஜரிகை தெரிய வேண்டும், அதுதான் லாபம்.

பால் மாதிரி இருக்கும் எந்த பாலிமர் எமல்ஷனிலும் துகள்கள் தானாக விலகி நிற்பதில்லை. பக்கத்தில் வந்தால் ஒட்டிக்கொள்வதுதான் அவற்றின் சுபாவம். ஒட்டாமல் தடுப்பது இரண்டு. ஒன்று, மேல்பரப்பில் இருக்கும் மின்சுமை. இன்னொன்று, துகளின் மேல் தலைமுடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு பாலிமர். எங்கள் பசையில் அந்த வேலை பாலிவினைல் ஆல்கஹாலுக்கு. இரண்டு துகள் நெருங்கினால் முடியும் முடியும் முட்டிக்கொண்டு தள்ளிவிடும். முடி போதாமல் சொட்டையாக இருக்கும் இடத்தில் துகளும் துகளும் ஒட்டும். அங்கேதான் திரிதல் ஆரம்பம்.

அந்த முடியின் உயரம் பல சமயம் பத்து நானோமீட்டருக்குக் கீழே. அதிலும் பெரும்பகுதி திரவத்தை உறிஞ்சி ஊறிக் கிடக்கிறது. காய வைத்தால் படிந்துவிடும். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குச் சிக்காது. லேசர் கருவி துகளையும் முடியையும் சேர்த்து மொத்தமாக ஒரு நம்பர் தரும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. நியூட்ரானில் துகளின் உடம்பை நிறம் பொருத்தி மறைத்துவிட்டால் மிச்சம் சிதறுவது முடி மட்டும்தான். அப்புறம் கலவையை மாற்றி முடியை மறைத்து உடம்பை மட்டும் பார்க்கலாம். ஒரே சரக்கு, இரண்டு மூன்று கலவை, இரண்டு மூன்று படம். 1980-களில் இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஆட்டவில் குழுவினர் அக்ரிலிக் துகளின் மேல் ஒட்டவைத்த கொழுப்பு அமில வகைப் பாலிமர் முடியை இப்படித்தான் ஆராய்ந்தார்கள். அது தண்ணீர் இல்லை, எண்ணெய் மாதிரியான ஹைட்ரோகார்பன் திரவம். ஆனால் சூத்திரம் ஒன்றே. சாதா திரவமும் டியூட்டீரியம் ஏற்றிய திரவமும் கலந்து நிறம் பொருத்துவது.

கணக்கு இல்லாமல் விட்டால் கைடு திட்டுவார், அதனால் ஒரே ஒரு கணக்கு. ஒரு துகள் நியூட்ரானைச் சிதறடிக்கும்போது, சிறிய துகள் அகலமான கோணத்துக்கும் பெரிய துகள் மிகச் சிறிய கோணத்துக்கும் வீசும். உருண்டையான துகளுக்கு, சிதறல் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சட்டென்று பள்ளம் விழும். கோணத்தையும் அலைநீளத்தையும் சேர்த்து கியூ என்று ஒரு அளவாக எழுதுவார்கள்: நாலு பை, பெருக்கல் பாதிக் கோணத்தின் சைன், வகுத்தல் அலைநீளம். கியூவையும் துகளின் ஆரத்தையும் பெருக்கினால் 4.49 வரும் இடத்தில் முதல் பள்ளம்.

ஆரம் 50 நானோமீட்டர் என்று வைப்போம். 4.49-ஐ 50-ஆல் வகுத்தால் கியூ சுமார் 0.09. அலைநீளம் 0.52 என்றால் கோணம் என்ன? கால்குலேட்டரைத் தட்டினால் 0.43 டிகிரி. அரை டிகிரிகூட இல்லை! இரண்டு மீட்டர் தள்ளி டிடெக்டர் வைத்தால் அந்தப் பள்ளம் நடுக் கற்றையிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளித்தான் விழும். நேராக வரும் கற்றையே அந்த அகலத்துக்கு இருக்கும், பள்ளம் அதில் முங்கிவிடும். டிடெக்டரை 40 மீட்டர் தள்ளி வைத்தால்? 30 சென்டிமீட்டர். இப்போது அளக்கலாம். பிரான்சில் கிரெனோபிள் நகரத்தில் இருக்கும் டி11 என்ற கருவி இதற்காகத்தான் அவ்வளவு நீளம். அங்கே டிடெக்டர் கிட்டத்தட்ட 40 மீட்டர் வரை பின்னால் போகிறது. சிறுகோண நியூட்ரான் சிதறல் என்ற பெயரில் 'சிறுகோணம்' ஏன் வந்தது என்பது இப்போது புரிந்திருக்கும்.

நம் நாட்டில் இதற்கு இடம் மும்பை டிராம்பே. 1956-இல் அப்சரா, 1960-இல் சைரஸ், 1985 ஆகஸ்டில் துருவா என்று அங்கே உலைகள் வந்தன. நியூட்ரான் சிதறலுக்காக 1994-இல் நோபல் பரிசு வாங்கிய இருவரில் ஒருவரான பிராக்ஹவுஸிடம் கனடாவில் 1950-களிலேயே வேலை பார்த்துவிட்டு வந்தவர் பி.கே. ஐயங்கார். டிராம்பேயில் இந்தத் துறையை ஊன்றியவர்களில் அவர் முக்கியமானவர். சைரஸை 2010 கடைசியில் மூடிவிட்டார்கள். துருவா 100 மெகாவாட் ஆராய்ச்சி உலை. அதிலிருந்து வரும் நியூட்ரான்களைக் குளிர்வித்த பெரிலியம் ஆக்சைடு கட்டியின் வழியாக விடுகிறார்கள். வேகமானவை ஓரத்தில் சிதறிப் போக, மெதுவானவை மட்டும் நேராக வரும். சராசரி அலைநீளம் 0.52 நானோமீட்டர். நான் மேலே அதே எண்ணை எடுத்த காரணம் இதுதான். சரக்கு ஒரு சின்னக் குவார்ட்ஸ் கிண்ணத்தில் இருக்கும். இரண்டு மீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஒரு மீட்டர் நீளமுள்ள ஹீலியம்-3 டிடெக்டர்.

மேலே போட்ட கணக்கை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரணும். இரண்டு மீட்டர் தூரத்தில் 50 நானோமீட்டர் துகள் அகப்படாதே? அகப்படாதுதான். இந்தக் கருவிக்கு வசதியான அளவு ஒன்றிலிருந்து பதினைந்து நானோமீட்டர் வரை. அதனால்தான் அங்கே சோப்பு, புரதம், புளூரானிக் என்ற பாலிமர் போன்றவை தண்ணீரில் சேர்ந்து உருளும் மிசெல்களை நிறைய அளந்திருக்கிறார்கள். புளூரானிக் ஒரு வேடிக்கையான சரக்கு. அதில் பி85 என்ற வகையைச் சூடுபடுத்தினால் 70 டிகிரி வாக்கில் உருண்டை மிசெல்கள் நீண்ட தடிகளாகின்றன. டென்மார்க்கில் 1990-களில் நியூட்ரானால் கண்டுபிடித்தது அது. எமல்ஷன் துகள் மாதிரி பெரியவற்றுக்கு துருவாவில் வேறு ஒரு கருவி உண்டு. தூரத்தை நீட்டாமல் இரண்டு சிலிக்கன் படிகங்களை எதிரெதிரே வைத்துக் கோணத்தை மிக நுணுக்கமாகத் திருப்பி அளக்கிறது.

கல்பாக்கத்தை விட்டுவிட்டாயே என்று கேட்காதீர்கள். 2019-இல் செங்கல்பட்டு மாவட்டம் பிரியும்வரை கல்பாக்கம் நம்ம காஞ்சிபுரம் மாவட்டம்தான். அங்கே 1996-இல் ஓடத் தொடங்கிய காமினி உலை 30 கிலோவாட் மட்டுமே, யுரேனியம்-233 எரிபொருள். அதில் நியூட்ரானால் எக்ஸ்ரே மாதிரிப் படம் எடுப்பார்கள், சிறுகோணச் சிதறலுக்கு அது இல்லை. ஆனால் லேடெக்ஸ் ஆராய்ச்சிக்குக் கல்பாக்கம் பெயர் பெற்ற இடம். மின்சுமை உள்ள பாலிஸ்டைரீன் துகள்களை வெளிச்சச் சிதறலால் பார்த்து, அவை ஆவியும் திரவமும் பிரிவது போல அடர்ந்த பகுதி, நீர்த்த பகுதி என்று பிரிகின்றன என்று டாட்டா, ராஜலட்சுமி, அரோரா மூவரும் 1992-இல் எழுதினார்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் 1994-இல் அதே பத்திரிகையில் மறுப்பு எழுதினார்கள். ஒரே மாதிரி மின்சுமை உள்ள துகள்கள் எப்படி ஒன்று சேரும் என்பதுதான் சண்டை.

விலகி நிற்கும் துகள்களையும் நியூட்ரான் அளக்கும். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவைக்குப் போயிருக்கிறீர்களா? கூட்டம் நெருக்கினாலும் ஆளுக்கு ஆள் ஒரு முழம் இடம் தேடும். மாடியிலிருந்து பார்த்தால் ஒருவிதச் சீரான இடைவெளி தெரியும். சுமையுள்ள துகள்களும் அப்படித்தான். அந்த இடைவெளி சிதறல் வரைபடத்தில் ஒரு மேடாக எழும்பும். மேடு நிற்கும் கியூவால் இரண்டு பையை வகுத்தால் சராசரி இடைவெளி ஏறக்குறைய வந்துவிடும். உப்பைப் போடுங்கள், சுமையின் பலம் குறையும், மேடு மங்கும். இன்னும் போட்டால் திரியும். சரக்கைக் கரைக்காமல், காய வைக்காமல், இருந்த இடத்திலேயே இவ்வளவையும் பார்க்கலாம்.

கனநீர் சும்மா கிடைக்காது. தூத்துக்குடியில் உரத் தொழிற்சாலையை ஒட்டி 1970-களின் இறுதியில் ஒரு கனநீர் ஆலையே வந்தது, அணு உலைகளுக்காக. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கனநீர் ரசாயனத்தில் தண்ணீரின் தம்பி என்றேன், இரட்டைப் பிள்ளை என்று சொல்லவில்லை. 3.8 டிகிரியிலேயே உறைந்துவிடும். எடையும் பத்து சதவீதத்துக்கு மேல் அதிகம். சாதாத் தண்ணீரில் மெதுவாக அடியில் படியும் பாலிஸ்டைரீன், சுத்தக் கனநீரில் மேலே மிதக்கும். சில பாலிமர்கள் கரைவதும் பிரிவதும் ஓரிரு டிகிரி தள்ளிப் போகும். 'கனநீரில் அளந்தேன், தண்ணீரிலும் அப்படியேதான்' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதினால், எங்கள் '2 மைக்ரான்' மாதிரி இன்னொரு சிவப்புக் கோடு விழும்.

துருவாவில் நமக்கெல்லாம் இடம் கிடைக்குமா? டிப்ளமோ மாணவன் நேராகக் கேட்க முடியாதுதான். ஆனால் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அணுசக்தித் துறையின் கருவிகளைப் பயன்படுத்தவென்றே பல்கலைக்கழக மானியக் குழுவும் அந்தத் துறையும் சேர்ந்து நடத்தும் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. அதன் மும்பை மையம் துருவாவுக்கு வழி. கல்பாக்கம் பக்கம் கோகிலமேட்டிலும் ஒரு கிளை உண்டு. லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் வருஷம் சேர்ந்து, அப்புறம் மேலே படிக்கப் போகிறவர்கள் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பசை என்ன ஆனது என்று கேட்பீர்களே. முடி போதவில்லை என்று இவ்வளவு படித்த பிறகு உறைத்தது. நாலாவது பேட்ச்சில் பாலிவினைல் ஆல்கஹாலை அதிகப்படுத்தி, வினைல் அசிடேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். பாட்டில் மாமா வீட்டுத் தறிக்குப் பக்கத்து மாடத்தில் இருக்கிறது. ஐந்து வாரம் ஆகிறது. ரெக்கார்டில் துகள் சைஸ் கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறோம், கைடு ஒன்றும் சொல்லவில்லை. மாமா தினம் காலையில் பாட்டிலை ஒரு குலுக்குக் குலுக்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் திரியலைடா" என்கிறார். பாவுக்கு மட்டும் கஞ்சிதான் போடுகிறார்.